கியர் இல்லாத வண்டி

மே 5, திங்கள்

இன்று ஒரு பெண்மணி தொலைபேசியில் பதினெட்டு நிமிடம் என்னைத் திட்டினார். அவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வருகிறதாம். "எவ்வளவு தூரம் மேடம் நடக்குது?" என்று கேட்டுவிட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பதினெட்டில் பன்னிரண்டு நிமிடம் அந்தக் கேள்விக்காக வாங்கியது. கடைசியில் வழக்கமான மந்திரத்தைச் சொல்லி முடித்தேன்: "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்." புகார்ப் பிரிவில் பதினாறு வருடமாக இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன்.

விடுமுறை கிடைத்துவிட்டது. பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை. நானும் என் மனைவியும் மட்டும் கடலுக்கு. மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து "ரெண்டு பேரும் சண்டை போடாம போயிட்டு வாங்க" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு நம்மைப் பற்றி இருக்கும் நம்பிக்கை இவ்வளவுதான்.

வாடகைக் கார் எடுக்க வேண்டும். நான் ஓட்டப் போகிறேன். எழுதும்போதே கை வியர்க்கிறது.

மே 6, செவ்வாய்

நேரில் சொல்லத் துப்பில்லாதவன் நோட்டில் எழுதுகிறான். எழுதிவிடுகிறேன்: என் கார் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கியர் போடுகிற காரை நான் தொட்டால் அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

மூன்று தடவை கியர் காரில் தேர்வுக்குப் போனேன். மூன்று தடவையும் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். மூன்று தடவையும் கார் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போனது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நல்ல மனிதர், கோபப்படவே மாட்டார். "சார், உங்களுக்கும் உங்க இடது காலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்றார். கிளட்ச் இல்லாத காரில் நாலாவது தடவை போனேன். இடது காலை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வலது காலை மட்டும் வேலை வாங்கினேன். பாஸ்.

இதை அவளிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் பாஸான அன்று சகலை போன் பண்ணிவிட்டார். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அவர் பேசினால் எங்கள் வீட்டில் ஸ்பீக்கரில்தான் பேசுவார், குரல் அப்படி. "என்ன சகலை, கார் லைசென்ஸ் வாங்கியாச்சாம்? கியர் வண்டியா, பொம்மை வண்டியா?" அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பெருமை. "கியர்தான்" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அதைத் திரும்ப எடுக்க ஏழு வாரமாக இடம் தேடுகிறேன். ரிவர்ஸ் எப்போதும் எனக்கு வராது; தேர்வில் வந்ததெல்லாம் தானாக வந்தது.

மே 7, புதன்

அவள் ஏன் இந்தப் பயணத்தை இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று இன்று பேருந்தில் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் சகலை காரில்தான் போவோம். முன்னால் அவரும் அக்காவும். பின்னால் நாங்கள், மடியில் அவர்கள் பெட்டி. சகலை பயணத்தை ரயில் மாதிரி நடத்துவார். இத்தனை மணிக்கு டீ, இத்தனை மணிக்கு டீசல், நடுவில் எவனுக்கும் எதுவும் வரக் கூடாது. போன வருடம் ஒரு வளைவில், கீழே ஆறு தெரிந்தது. அவள், "இங்க கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள். "நேரமாச்சும்மா" என்றார் சகலை. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "இவளுக்குக் கண்ட இடத்துல இறங்கணும். பஸ்ஸுல கண்டக்டரா போயிருக்க வேண்டியவ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவள் எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த வருடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாம மட்டும் போலாம். நான் நிறுத்துன்னா நிறுத்தணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது." 

கார் கிடைக்காமல் போனால் சகலையோடுதான்; அவர் பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு மலைக்குக் கிளம்புகிறார். எங்களுக்காகப் பின் சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். உபகாரம் செய்வதில் அவரை மிஞ்ச முடியாது. வேண்டாம் என்றாலும் செய்வார்.

மே 8, வியாழன்

கார் சொல்லியாகிவிட்டது.

அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, வாடகை வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். முப்பத்தைந்து வயதுக் குரல். "ரெண்டு நிமிஷம் சார்" என்று சொல்லி ஒன்பது நிமிடம் பாட்டுப் போட்டான். ஆட்டோமேட்டிக் என்ற சொல்லை உரக்கச் சொல்லத் தைரியமில்லை. அது சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் குழாய்ச் சத்தத்தில் வாயை போனுக்குள் விட்டு, "கியர் இல்லாத வண்டி வேணும்" என்றேன்.

"கியர் இல்லாததுங்களா? இருக்கு சார். ரெண்டு பேரா?"

"ரெண்டே பேர்தான்."

"தலைக்கு ரெண்டும் சேர்த்தே குடுத்துடுவோம் சார்."

தலைக்கு ரெண்டு. கழுத்து வலிக்காமல் இருக்கச் சின்னத் தலையணை போலிருக்கிறது. என்ன உபசரிப்பு. எங்கள் கம்பெனிக்காரர்கள் இவர்களிடம் வந்து பாடம் படிக்க வேண்டும்.

வெளியே வந்ததும், "இவ்வளவு நேரம் குளிச்சும் தலை நனையலையே" என்றாள்.

மே 9, வெள்ளி

உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று தடவை அழைத்தேன். மொத்தம் ஆறு நிமிஷம் கேட்டார்கள், ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

மே 12, திங்கள்

மனசு கேட்கவில்லை. மதிய இடைவேளையில் நேரிலேயே போய்விட்டேன்.

ஒரு நீளமான கவுன்ட்டர், பின்னால் ஒரு கண்ணாடி அறை, முற்றத்தில் வரிசையாகக் கார்கள். கவுன்ட்டரில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன். நெற்றி ஏறிய, கண்ணில் பயமுள்ள ஆள். இவனுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர் வைத்தேன். என் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளியே போயிருக்கிறதாம். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவரும் வெளியே போயிருக்கிறாராம். கண்ணாடி அறைக்குள் ஒரு வழுக்கைத் தலை குனிந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான். தொழில்காரனுக்குத் தொழில்காரன் என்ன சொல்வது? எங்கள் மேனேஜரும் பதினாறு வருடமாக வெளியேதான் போயிருக்கிறார்.

முற்றத்தில் கார் கழுவும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வம்பு கேட்பதில் எனக்கு இருக்கும் திறமை வேலையில் இருந்திருந்தால் இந்நேரம் நானும் கண்ணாடி அறையில் ரொட்டி தின்றுகொண்டிருப்பேன். விஷயம் இதுதான்: மேனேஜர், 'ரெண்டு நிமிஷ'த்தின் மாமனார். மாப்பிள்ளை மாமனாரிடம் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டான். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவான். அவர் அதில் என்ன புரிந்துகொள்கிறாரோ அந்த வண்டி வெளியே வரும். "போன வாரம் ஒருத்தருக்கு ஆள் ஏத்துற வேனுக்குப் பதிலா சாமான் ஏத்துற வேன் வந்துச்சு. அவங்க வீட்டுல பெரியவங்களை எல்லாம் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போனாங்க" என்று அந்த அம்மா துணியைப் பிழிந்தபடி சொன்னார்.

திரும்பக் கவுன்ட்டருக்கு ஓடினேன். "என் வண்டி சரியா சொல்லியிருக்கில்ல?" என்று கேட்டேன்.

"நோட் பண்ணியிருக்கேன் சார்" என்றான்.



மே 14, புதன்

அவள் பெட்டி கட்டிவிட்டாள். இரண்டு பெரிய பெட்டி, ஒரு பிளாஸ்க், ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

இன்று சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவள் பின்னால் போய் நின்றேன். "என்ன, எதாவது வேணுமா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன், காலை

எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ஏழே முக்காலுக்குப் போய்விட்டோம். இப்போது ஒன்பது இருபது. பெட்டிகள் காலடியில். அவள் புதுச் செருப்பு போட்டிருக்கிறாள். 'ரெண்டு நிமிஷம்' இதுவரை பன்னிரண்டு நிமிஷம் கேட்டிருக்கிறான். வந்ததும் எழுதுகிறேன்.

அதே நாள், மதியம்

வந்தது. எழுதுகிறேன்.

பத்தே கால் மணிக்கு முற்றத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. வெளிர்பச்சை ஸ்கூட்டர். இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொரு ஹெல்மெட். தலைக்கு ரெண்டு.

நான் கத்தினேன். பதினாறு வருடமாக வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். காருக்குச் சொன்னால் ஸ்கூட்டர் தருவாயா, கடலுக்குப் போகிறவனுக்கு இதுவா என்று கேட்டேன். 'ரெண்டு நிமிஷம்' துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினான். அவன் கையெழுத்து அழகாகவே இருந்தது: 'கியர் இல்லாத வண்டி. இரண்டு பேர்.' கியர் இல்லாத வண்டி என்றால் ஊரில் யாரைக் கேட்டாலும் ஸ்கூட்டரைத்தான் காட்டுவார்கள். கார் என்ற சொல்லை நான் எங்கேயுமே சொல்லவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு, வெளியே போயிருந்த மேனேஜர் உள்ளேயிருந்து வந்தார். மன்னிப்புக் கேட்டார். வேறு வண்டி தருகிறேன், ஏழு பேர் உட்காரும் பெரிய கார், நேற்றுத்தான் சர்வீஸிலிருந்து வந்தது என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துக்கலாமேங்க" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். நடுவில் கியர் கம்பி, கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

அப்புறம் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்றேன். வேறு நிறம் இருக்கிறது என்றார். டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். புது டயர் சார் என்றார். உள்ளே வாடை அடிக்கிறது என்றேன். அவள் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்லையே" என்றாள். இரண்டு பேருக்கு எதற்கு ஏழு சீட் என்றேன். "கால் நீட்டிக்கலாம்ல?" என்றாள். எனக்காகப் பரிந்து பேசுகிறாள், பாவம்.

'ரெண்டு நிமிஷ'த்துக்கு அப்போதுதான் கடமை உணர்ச்சி வந்தது. மாமனார் முன்னால் ஒரு வேலையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பான். படிவம் நிரப்ப என் லைசென்ஸை வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்தான். "மாமா, சாருக்கு இந்தக் காரைக் குடுக்க முடியாது. காருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்னு போட்டிருக்கு" என்றான்.

அவள் லைசென்ஸை அவனிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். என் போட்டோவைப் பார்த்தாளா, அந்த வரியைப் பார்த்தாளா தெரியவில்லை. என்னிடம் கொடுத்தாள். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

டாக்சியில் வீட்டுக்குத் திரும்பினோம். மடக்கு நாற்காலி நடுவில் உட்கார்ந்திருந்தது.

அதே நாள், மாலை

திட்டினா பரவாயில்ல. திட்டவே இல்ல. பெட்டியைத் திறந்து துணியை எல்லாம் எடுத்து அலமாரியில அடுக்குறா. ஒவ்வொண்ணா. நான் போய் நின்னேன். தண்ணி கேக்கல இந்தத் தடவை.

"லைசென்ஸ் எதுவா இருந்தா எனக்கென்ன?" என்றாள். "அவர்கிட்ட சொன்ன பொய் எனக்கும் சேர்த்துத்தானே? நான் என்ன, அவர் கட்சியா?"

வாயில் வந்தது ஒரு ஜோக். இடது காலைப் பற்றி. நல்ல ஜோக் வேறு. விழுங்கிவிட்டேன்.

"போன வருஷமும் ஆறு மணிக்குள்ள போய்ச் சேரணும்னு அவர் ஓட்டினார், நீங்க சிரிக்க வச்சீங்க. நான் ஒருத்திதான் நிறுத்தச் சொன்னது. சரி விடுங்க. அக்காகிட்ட சொல்லிடறேன், பின் சீட்டுக்கு வர்றோம்னு. விடுமுறை வீணாப் போக வேண்டாம்."

அவள் போனை எடுப்பதற்குள் அது அடித்தது. சகலையேதான். ஸ்பீக்கர். "என்ன சகலை, கடலுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா? கியரெல்லாம் சொன்ன பேச்சு கேட்டுச்சா?"

நான் சொன்னேன். கார் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் ஓட்டியிருக்க முடியாது. கியர் கார் எனக்கு வராது, மூன்று தடவை ஃபெயில், பொம்மை வண்டிக்குத்தான் லைசென்ஸ். அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன்.

சகலை சிரித்தார். நல்ல நீளமான சிரிப்பு. நடுவில் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு சுற்று சிரித்தார். இத்தனை வருடம் நான் சிரிக்க வைத்ததில் இதுதான் பெரிது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார் போல, குரல் இளகியிருந்தது. "சரி விடு. பின் சீட்டு இருக்கு. காலைல ஆறுக்கு ரெடியா இருங்க."

"நாங்க வரல சகலை."

"ஏன், கோவமா?"

"கோவம் இல்ல. இவளுக்கு நடுவுல நிறுத்தணும். உங்க கார் நிக்காது. போன வருஷமே நான் சொல்லியிருக்கணும், சொல்லல."

"என்னய்யா, ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்றார்.

"இவ சொன்னாளே. நீங்க நேரமாச்சுன்னீங்க."

போனை வைத்துவிட்டேன். நானாக அவர் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. அவள் கையில் மடித்த புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். அதை அலமாரிக்குள் வைக்கவும் இல்லை, பெட்டிக்குள் வைக்கவும் இல்லை.

"அந்தப் பச்சை வண்டி," என்றாள், "அங்கேயேதான் நிக்குமா?"

மே 16, வெள்ளி

நான் இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவன். விற்று மூன்று வருடம்தான் ஆகிறது. இதை எனக்கு ஞாபகப்படுத்த ஆள் வேண்டியிருந்தது.

காலையில் ஒரே ஒரு பையோடு போனோம். கூடவே மடக்கு நாற்காலி. 'ரெண்டு நிமிஷம்' எங்களைப் பார்த்ததும் கவுன்ட்டருக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தான். ஸ்கூட்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, மேனேஜர் வெளியே போயிருக்கிறார், ரெண்டு நிமிஷத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். முற்றத்தில் பச்சையாக அது நிற்பது எனக்கே தெரிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அவள் என் கையைத் தொட்டாள்.

கவுன்ட்டருக்கும் கதவுக்கும் நடுவில், யாரும் உள்ளே வரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல், நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டாள்.

"அவசரமில்ல தம்பி" என்றாள். "நீங்க மெதுவாக் கேளுங்க."

வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்ட முடியாமல் வாசலில் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். முன்பு சாமான் வேன் கிடைத்தவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் அக்கறையாகக் கேட்டாள். புகார்ப் பிரிவில் பதினாறு வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த ஆயுதத்தை எங்கள் மேல் யாரும் பிரயோகித்ததில்லை. பிரயோகித்திருந்தால் கம்பெனியை மூடியிருப்போம்.

இருபதாவது நிமிடம் கண்ணாடிக் கதவு திறந்தது. 'ரெண்டு நிமிஷம்' மாமனாரின் முகத்தைப் பார்த்து, காகிதம் எதுவும் இல்லாமல், வாயாலேயே சொன்னான்: "மாமா, தப்பு என்னுது. நான் திருப்பிக் கேட்டிருக்கணும். அந்த ஸ்கூட்டரை இவங்களுக்குக் குடுத்துடலாம்." மேனேஜருக்கு அவன் பேசியதே அதிசயமாக இருந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஹெல்மெட் இரண்டும் ஒரே அளவு, இரண்டும் என் தலைக்கு. அவளுக்கு உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்தேன். நாற்காலியை ஸ்கூட்டரில் கட்ட முடியவில்லை. கார் கழுவும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

மே 17, சனி

கடலோரத்தில் ஒரு சின்ன விடுதி. ஜன்னலில் உப்புப் படிந்திருக்கிறது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. என் இடுப்பு எழுந்திருக்க மறுக்கிறது, படுத்தபடியே எழுதுகிறேன்.

நேற்று தொண்ணூறு கிலோமீட்டர். கார் இரண்டு மணி நேரத்தில் போகும். எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. பெரிய சாலையில் லாரிகள் எங்களை ஊதித் தள்ளியதால் ஊர்களுக்குள் புகுந்து போகும் பழைய சாலையில் வந்தோம்.

முதல் அரை மணி நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறதோ என்று எனக்கு முதுகெல்லாம் காதாக இருந்தது. அப்புறம் தோளில் ஒரு தட்டு. "நிறுத்துங்க." நிறுத்தினேன். ஒரு மரப்பட்டறை, வாசலில் மரத்தூள் குவியல். அவள் இறங்கிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஏறிக்கொண்டாள். அடுத்த தட்டு, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர். அடுத்தது, வெட்டவெளியில் ஒற்றையாக நின்ற ஒரு குதிரை. அது எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சாலையோரம். பத்து நிமிடம் நின்றோம். எதுக்கு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை நிற்கும்போது அவளாகவே சொன்னாள். "மூணு தடவை ஃபெயிலானீங்களே, அந்த மூணு நாளும் வீட்டுக்கு வந்து என்னை ரொம்ப சிரிக்க வச்சீங்க. அப்பவே நினைச்சேன், ஏதோ சரியில்லன்னு." பிறகு, "என்னதான் ஆச்சு அங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மேடு, கிளட்ச், பின்னால் போன கார், பின்னால் நின்றிருந்தவர் கத்தியது, தேர்வு அதிகாரி பேனாவை மூடியது. சிரிக்கிற மாதிரி சொல்லாமல், நடந்தது நடந்தபடி. அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இன்னும் ஆறு இடம். ஆக மொத்தம் பதினொன்று. எண்ணியது நான்தான், அவள் எண்ணவில்லை.

பன்னிரண்டாவது நான் எதிர்பார்த்தது. சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கடல் மொத்தமாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் மரத்தூளுக்கும் குதிரைக்கும் நின்றவள் இதற்கு நிற்காமல் போவாளா என்று நானே பிரேக்கைப் பிடித்து ஓரங்கட்டப் போனேன்.

தோளில் தட்டினாள்.

"போங்க, போங்க" என்றாள். "அது எங்க போயிடப் போகுது?"